அஞ்சு அயிரை

பெரியக்காவுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் இதைச் சொல்ல ஒரு நாதி இல்லை. தம்பியும் தம்பி மனைவியும் நாகரிகமானவர்கள். "பைத்தியம்" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் மறதி", "வயசாகுதில்ல", "பாவம்" என்பார்கள். அந்தப் "பாவம்" காதில் விழும்போதெல்லாம் பெரியக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது.

மறதியாம்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே இணைத்துவிட்டவள் அவள். யார் வீட்டுக்கு எந்த நம்பர் என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுவாள். வேலை முடிந்து, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், தம்பி வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மணி அடிக்கிறதே என்று வாசலுக்குப் போனாள். பால் தீய்ந்துவிட்டது. பால் தீயாத அடுப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? தம்பி மனைவி தன் செல்போனை ஃபிரிட்ஜுக்குள் தக்காளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டினாளே, அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மறந்தால் வேடிக்கை, பெரியக்கா மறந்தால் வியாதி. என்ன நியாயம் இது?

இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது. தம்பியின் மேலதிகாரி வீட்டு ஹாலில் ஒன்று இருந்ததாம், அதனால் இவன் ஹாலிலும் இருந்தாக வேண்டும். அடியில் தண்ணீரை வடிகட்டச் சற்று உயர்த்தி வைத்த, துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் முனை கூரான கலர் கல், தலைக்கு மேல் கண்ணைப் பறிக்கும் விளக்கு. பளபளவென்று மேலே சுற்றும் மீன்கள் சில. கூடவே, அடியில் விழும் மிச்சம் மீதியைத் தின்னுமென்று கடைக்காரர் தலையில் கட்டிய ஒரு அயிரை. ஷூ லேஸ் மாதிரி ஒல்லியாக, உடம்பெல்லாம் வரி வரியாக, மூக்கில் குட்டி மீசையோடு இருந்தது.

மறுநாள் அந்த அயிரையைக் காணவில்லை.

"செத்துப்போயிருக்கும். பெரிய மீனுங்க தின்னிருக்கும்" என்றான் தம்பி.

"யாராவது சாப்பாட்டை அள்ளிக் கொட்டினாங்களோ என்னவோ" என்றாள் தம்பி மனைவி, காற்றைப் பார்த்து. காற்றுக்குப் பக்கத்தில்தான் பெரியக்கா நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொரு அயிரை வந்தது, அதுவும் காணாமல் போனது. அடுத்தது வந்தது, போனது. ஒவ்வொரு முறையும் பழி பெரியக்கா தலையில் விழுந்தது. தரை துடைக்கும் மருந்துக் கையைத் தண்ணீரில் விட்டாள் என்றார்கள், வாயைத் திறந்தும் திறக்காமலும் என்னென்னவோ சொன்னார்கள். ஐந்தாவதும் மறைந்ததும் தம்பி வாங்குவதை நிறுத்திக்கொண்டான்.

வீட்டில் முதலில் விழிப்பவள் பெரியக்கா. வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், திரை விலக்காத ஹாலில், தண்ணீர் குடிக்கப் போனவள் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடி ஓரத்தில் ஒரு அயிரை ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டின் மூலையில் கல் விலகியிருந்த இடத்திலிருந்து இன்னொன்று தலையை நீட்டியது, அதன் பின்னால் மற்றவை வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். அஞ்சு! ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் தட்டுக்கு அடியில் பதுங்கிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"டேய், எழுந்திருடா! அஞ்சும் உசுரோட இருக்கு!"

தம்பி தடதடவென்று வந்து விளக்கைப் போட்டான். தொட்டியின் அடியில் கலர் கல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

"எங்கக்கா?"

"லைட்டைப் போட்டா ஓடிடும்டா. நீ நடக்கிற நடைக்கு யானையே ஓடும்."

"சரிக்கா, சரி. போய்ப் படு."

அந்தச் "சரிக்கா"வைவிட அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அறை வாசலில் நின்ற மனைவியை அவன் ஒரு பார்வை பார்த்தான், அவளும் பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தாள். பெரியக்கா அந்த இரண்டு பார்வையையும் பார்த்தாள்.

விடுவாளா அவள்? தினமும் சொன்னாள். செல்போனில் படம் எடுத்தாள். இருட்டில் அவள் முகமே கண்ணாடியில் விழுந்து படமாகியிருந்தது. "இதுல நீங்கதானே அண்ணி இருக்கீங்க?" என்று தம்பி மனைவி மெதுவாக, குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டாள். அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. அடுப்புத் திருகுகளைக் கழற்றி எங்கேயோ ஒளித்து வைத்தார்கள். வாசல் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். இல்லாத மீனை எண்ணுகிறவள் இல்லாத ஆளுக்குக் கதவைத் திறந்துவிட மாட்டாளா என்ற கவலையாம்.

கடைசியில் ஒரு நாள் தம்பி அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு இடம் பார்த்திருக்கோம். உன் வயசுக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. தோட்டமெல்லாம் இருக்கு. ஞாயித்துக்கிழமை அங்கேருந்து ஒரு அம்மா வந்து உன்கிட்ட பேசுவாங்க. அவங்க சரின்னா..."

"சரின்னா என்னைக் கொண்டுபோய்த் தள்ளிடுவே."

"அப்படிச் சொல்லாதேக்கா."

"வேற எப்படிடா சொல்றது?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான்.

மறுநாள் அவன் குளியலறையில் இருந்தபோது, தம்பி மனைவி குப்பையைக் கொட்ட வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டடத்தின் பின்படியில் இறங்கினாள். பெரியக்கா முன்படியில் இறங்கினாள். நேராக மீன் கடைக்குத்தான் போனாள். கடையில் முழங்கைவரை நனைந்த ஒரு பெண் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க கடையில வாங்கின வரி அயிரை, பகல்ல தலையே காட்ட மாட்டேங்குதே?"

"எத்தனை இருக்கும்மா?"

"அஞ்சு" என்றாள் பெரியக்கா. அந்தப் பார்வை இங்கேயும் வருமோ என்று பயந்தாள்.

"அஞ்சா? பரவாயில்லையே, நல்ல கூட்டம். ஒத்தையா விட்டாத்தான் பயந்து சாகும்" என்றாள் அந்தப் பெண், கழுவுவதை நிறுத்தாமல். அவ்வளவுதான். சந்தேகம் இல்லை, "அப்படியாம்மா" என்ற இழுவை இல்லை. பெரியக்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடியில என்ன போட்டிருக்கீங்க, கல்லா? அது மீசையைக் குத்தும்மா. நைஸ் மணல் வேணும், அதுக்குள்ள புதைஞ்சுக்கும். மேல லைட்டை மறைங்க. ஒளிய நிறைய இடம் குடுங்க. ஓட ஒரு இடம் இருக்குன்னு தைரியம் வந்தாத்தான் அது வெளியவே வரும்."

"தட்டைத் தூக்கிக் காட்டிடலாமான்னு பார்த்தேன்."

"ஐயையோ, வேண்டாம்! எதையாவது நசுக்கிடுவீங்க."

அதுவும் சரிதான். சாட்சி சொல்ல வைக்கிறேன் பேர்வழி என்று ஒன்றைக் கொன்றால் அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும்.

ஒரு பை மணலும் மிதக்கும் இலைச்செடி கொஞ்சமும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீட்டு வாசலில் கும்பல். பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், தலையில் சோப்பு நுரையோடு தம்பி.

"எங்கக்கா போனே? உயிரே போயிடுச்சு!"

"கடைக்குப் போனேன். கடைக்குப் போறது என்ன குத்தமா?"

"வழி தவறிட்டாங்க போல" என்று தம்பி மனைவி எதிர்வீட்டுக்காரியிடம் கிசுகிசுத்தாள். வழி தவறினவள் கையில் மணல் பையோடு, நேராகத் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேருவாளா? இதை அங்கே யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பகலில், பூட்டிய வீட்டுக்குள், பெரியக்கா வேலையைத் தொடங்கினாள். மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசினாள். தம்பி மனைவியின் அகலக் கண்ணாடிப் பாத்திரத்தில் அதைக் கொட்டி, தொட்டியின் மூலையில் மெல்ல இறக்கினாள். உடைந்த பூந்தொட்டியின் பாதியை உரசி, கூர் மழுக்கிக் கவிழ்த்து வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பிளம்பர் விட்டுப்போன துண்டுக் குழாய்களைக் கழுவிப் போட்டாள். பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். விளக்கின் பாதியை அட்டையால் மூடினாள். இலைகளை மேலே மிதக்கவிட்டாள். "போதுமா? இனிமே உங்க இஷ்டம்" என்று தொட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் அவளை.

சாயங்காலம் தம்பி மனைவி ஹாலில் நுழைந்தாள். "கேக் செய்யற பாத்திரம்! மீன் தொட்டிக்குள்ள!" என்று பையை நழுவவிட்டாள்.

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியை நெருங்கினான். பெரியக்கா குறுக்கே நின்றாள்.

"கையை வெச்சே, நடக்கறதே வேற."

அவள் அப்படி நின்றதை அவன் சின்ன வயசில் பார்த்திருக்கிறான். கை தானாக இறங்கிவிட்டது. "விடுங்க" என்று மனைவி அவன் காதில் சொன்னாள். "அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வர்றவங்க பார்க்கட்டும்."

அது பெரியக்காவின் காதிலும் விழுந்தது. தன் கையால் வைத்ததே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் காத்திருக்கிறது என்று தெரிந்தும் அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து பகல் முழுக்கத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணல் மூலையிலேயே தீனி போட்டாள். முதலில் குழாய்க்குள் ஒரு மீசை தெரிந்தது. பிறகு ஒரு நாள் நடு மதியத்தில் இரண்டு அயிரை மணலில் மூக்கை விட்டுத் துழாவின. ஆனால் வாசலில் சாவி திருகும் சத்தம் கேட்டதுமே மாயமாகிவிட்டன. இவர்கள் இருக்கும்போது வரவே வராதோ என்று நாற்காலியை இன்னும் ஓர் அடி பின்னால் தள்ளிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்து அம்மா வந்தாள். ரப்பர் செருப்பு, சத்தமே இல்லாத நடை, சத்தமே இல்லாத பேச்சு. தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியும் தம்பி மனைவியும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பால் தீய்ந்தது, வீட்டை விட்டுப் போனது, பாத்திரம், குழாய், எல்லாவற்றையும் சொன்னார்கள். பெரியக்கா அங்கே இல்லாதது போலவே சொன்னார்கள். பதில் சொல்ல அவள் வாய் துடித்தது. ஆனால் குரலை உயர்த்தினால் உள்ளே இருப்பவை ஓடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வந்தவள் இவள் பக்கம் திரும்பினாள்.

"என்ன மீன்மா வளக்கறீங்க?"

"அயிரை. அஞ்சு இருக்கு."

தம்பி மனைவி பெருமூச்சு விட்டாள். "இதைத்தாங்க நாங்க சொன்னோம். எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. ஒண்ணுகூடக் கிடையாது. தினமும் இதே அஞ்சு, அஞ்சுன்னு..." தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

வந்தவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை நீட்டாமல், உதட்டுக்குள்ளேயே எண்ணினாள்.

"மணல்ல மூணு. அந்தக் குழாய்க்குள்ள ரெண்டு தலை தெரியுது. அம்மா சொல்றது சரிதானே? அஞ்சு இருக்கே."

 தம்பி தவழாத குறையாகத் தொட்டிக்கு முன்னால் போய்க் குந்தினான். குழாயிலிருந்து ஒன்று நெளிந்து வந்து மணலுக்குள் பாதி புதைந்துகொண்டது. "அட! எல்லாம் இருக்குடி! சாகவே இல்லை!" தம்பி மனைவி செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினாள். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்களேன்!" எதுவுமே நடக்காதது போல, ஏதோ விருந்துக்கு வந்த இடம் போல, இரண்டு பேரும் சிரித்தார்கள். இல்லத்து அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு இங்க வேலை இருக்கற மாதிரி தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன்க்கா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பெரியக்கா அவனையே பார்த்தாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டான். கத்தியிருப்பாள், அந்தத் தெருவே கூடும்படி கத்தியிருப்பாள். ஆனால் அஞ்சும் வெளியே இருந்தன.

"சொன்னேன்டா" என்றாள், குரலை உயர்த்தாமல். "தினமும் சொன்னேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அடுப்புத் திருகை எடு. வாசல் சாவியையும் எடு. மெதுவா நட."