ஆறு விநாடி எண்

மூன்றே முக்காலுக்கு அக்கா வீட்டுக் கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு வருடம் கழித்து வந்திருக்கிறேன். அக்கா புருஷனுக்கு முகமெல்லாம் பல். "வழி மறக்கலையே மாப்ள?" என்றார்.

மறக்குமா? இந்தத் தெருக்களில் கேபிள் இழுத்தவனே நான். கம்பத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தபோது, கேபிள் உரிமத்தைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி இவர்தான் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். அதில் தன் பெயரை எழுதிக்கொண்டார். உரிமம் யார் பெயரிலோ, தொழிலும் அவருக்கே. நான் நடக்கத் தொடங்கியபோது எனக்கு மிஞ்சியது ஏணி மட்டும்.

இப்போது சேனல் கம்பெனியில் திருட்டு இணைப்பைப் பிடிக்கும் சோதனை ஆள் நான். அது இவருக்குத் தெரியாது.

"நாலு மணிக்குத் திரையில ஒரு நம்பர் வரும், மாமா" என்றேன். கேட்காமலே விளக்கினேன். சேனலை வாங்கித் தரும் ஒவ்வொரு செட்டாப் பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. கம்பெனி நினைத்தால் ஆறு விநாடிக்கு அது திரையில் தோன்றும், திரையின் எந்த மூலையில் என்று யாரும் சொல்ல முடியாது. முறையாக நடத்தினால் வீட்டுக்கு வீடு வேறு எண் வரும். ஒரே ஒரு வீட்டுக்கென்று வாங்கிய பெட்டியிலிருந்து முந்நூறு வீட்டுக்கு இழுத்துவிட்டால், முந்நூறு திரையிலும் ஒரே எண்தான். இரண்டு இடத்தில் படம் பிடித்தால் போதும்; உரிமம் ரத்து, அப்புறம் வழக்கு. காலையில், மாமாவின் இணைப்பு உள்ள முடிதிருத்தும் கடையில் ஒன்று பிடித்தாயிற்று.

மாமாவின் பற்கள் மெல்ல உள்ளே போயின. அதைப் பார்க்கத்தான் இத்தனை பொறுமையாகச் சொன்னேன். பெட்டி அவர் கடையில் இருந்தது, கடைச் சாவி அவர் இடுப்பில். ஓடிப்போய் அதை அணைப்பதானாலும் கால் மணி நேரம் ஆகும்.

"வழக்கு யாரு மேலடா?" என்று அக்கா சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

"பெட்டி யாரு பேர்ல இருக்கோ, முதல்ல அவங்க மேல."

மாமா தரையைப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்தாள்.

"என்கிட்டதான் கையெழுத்து வாங்கினாரு. எதுக்குன்னு நான் கேக்கல."

"நானும் கேக்கலையேக்கா, அன்னைக்கு."

அவள் டிவியை அணைக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, அதன் முன்னால் நின்றாள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. அவள் தோளுக்கு இருபுறமும் திரையின் மூலைகள் மின்னின. செல்போனை உயர்த்திப் பிடித்து, நாற்காலியை இடப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன்.

அக்காவும் ஒரு சாண் நகர்ந்தாள்.