காகிதம் நின்ற இடம்

துஷாந்தன் தன் துவக்கோடு பட்ட பாட்டைக் கேட்கக் கேட்க சாரங்கிக்கு வயிறு குளிர்ந்தது. மூன்று வகைத் தோட்டா வாங்கிப் பார்த்தாராம். ஸ்கோப்பைக் கழற்றிப் புதிது பூட்டினாராம். குழலை இரண்டு தரம் துடைத்தாராம். ஒன்றிலும் குறி சரிவரவில்லை.

டென்மார்க்கில், கோல்டிங் நகரில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில் இருவரும் நின்றார்கள். சாரங்கி தொழிற்சாலை ஒன்றின் அளவீட்டுக் கூடத்தில் வேலை செய்பவள். அதனால்தான் பிழையைக் கண்டுபிடிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிடும்போது கார்த்திகை மாதத்தை அவர் மறந்திருக்க வேண்டும். அவள் மறக்கவில்லை.

போன கார்த்திகையில் குழுவோடு வேட்டைக்குப் போன அன்று அவளுடைய துவக்கு திருத்தக் கொடுத்திருந்த இடத்தில் கிடந்தது. இதே துவக்கை அவர்தான் இரவல் கொடுத்தார். சுட்டுக் குறி சரிபார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். ஒரு வெடி வைத்துப் பார்க்காமல் வாங்கியது அவள் பிழை. தொண்ணூறு மீற்றரில் நின்ற மானின் தோளுக்குக் குறிவைத்தாள். சன்னம் வயிற்றில் பட்டது. நாயை விட்டுத் தேடிக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. அதுவரை அந்த மானுக்கு உயிர் இருந்தது.

துஷாந்தன் டெனிஷ்காரர் எல்லோருக்கும் முன்னால், துவக்கில் ஒரு குறையும் இல்லை, பிள்ளையின் கைதான் நடுங்குகிறது என்றார். பிறகு தமிழில் அவளிடம், "உமக்கு இது சரிவராது பிள்ளை, பேனை பிடிக்கிற கை" என்று சிரித்தார். அந்தக் கிழமையே வேட்டைக் குழுவின் தலைவர் பிறேபன் பட்டியலிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட்டார். அந்த இடத்துக்கு துஷாந்தனின் மச்சான் வந்தான்.

இப்போது அவள் அவருடைய இலக்குத் தாள்களை வாங்கி, வெடிகளை வரிசைப்படி இலக்கமிடச் சொன்னாள். முதல் வெடி நான்கு விரல் வலப்பக்கம். குழல் சூடாக ஆக, ஒவ்வொன்றும் இன்னும் வலப்பக்கம். பிழை கையில் இருந்தால் இப்படி ஒழுங்காக விலகாது.

காகிதத்தை ஒடுக்கமாகக் கிழித்து, குழலுக்கும் மரக்கட்டைக்கும் இடையில் இழுத்துக்கொண்டு போனாள். குழல் எங்கும் மரத்தில் முட்டக்கூடாது; முட்டினால் குறி விலகும். காகிதம் பாதி வழியில் நின்றது. ரோர்ச் வெளிச்சம் அடித்தபோது உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

துஷாந்தனின் மனைவி யோகமலர் தேத்தண்ணி கொண்டு வந்தாள். சாரங்கி சாதாரணமாகக் கேட்பதுபோல ஆயுத பூசையைப் பற்றிக் கேட்டாள்.

"ஓம், போன வருசம்தான் முதல்தரம் இதுக்கும் வைச்சனான். காருக்கும் கொம்பியூட்டருக்கும் வைக்கிறம், இது மட்டும் என்ன பாவம்? நல்லாச் சந்தனம் குழைச்சு வைச்சனான்."

ஆயுத பூசை புரட்டாதியில். மான் கார்த்திகையில். சாரங்கி காகிதத்தை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"ஞாயிறு சுடுதளத்துக்குக் கொண்டு வாங்கோ அண்ணை. அங்கை பார்ப்பம். அதுவரைக்கும் ஒண்டையும் கழட்டாதேங்கோ."

அடுத்த ஐந்து இரவும் அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுவின் சோதனை நாள். நூறு மீற்றரில் ஆறு வெடி. ஐந்து வட்டத்துக்குள் விழவேண்டும். விழாதவருக்கு மே பதினாறாம் திகதி, பருவம் தொடங்கும் அன்று, இடமில்லை. துஷாந்தனுக்கு ஒன்றுதான் விழுந்தது.

சாரங்கி பிறேபனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்து, அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அது நின்றது. இரண்டு ஸ்குறூவையும் கழற்றிக் குழலைத் தூக்கினாள். கட்டையின் பள்ளத்தில் காய்ந்த சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. குழல் தேய்த்த இடம் மட்டும் பளபளத்தது. எந்த மாதம் பூசை, எந்த மாதம் மான் என்று டெனிஷில் இரண்டே வசனம் சொன்னாள்.

துஷாந்தன் சிரித்துக்கொண்டு, இது தன் மனுசியின் மடைத்தனம் என்றார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

அதுவரை அவள் அந்த அளவோடு விடத்தான் நினைத்திருந்தாள்.

"அக்கா கும்பிட்டு வைச்சவா. சுட்டுப் பார்க்காமல் பொய் சொல்லித் தந்தது நீங்கள்" என்றாள். பிறகு அதையே டெனிஷில், எல்லோருக்கும் கேட்க, மெதுவாகச் சொன்னாள்.

பிறேபன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, பட்டியலில் அவள் பெயரை எழுதினார். துஷாந்தன் விரும்பினால் நான்கு மணிக்குள் மறுபடி ஆறு வெடி வைக்கலாம் என்றார். இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

துஷாந்தன் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். துவக்கைப் பூட்டினார். ஸ்குறூவில் கைவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளை, இதை எவ்வளவு இறுக்கிறது?"

கூடினாலும் குறைந்தாலும் குறி மாறும். சரியான அளவு அவளுக்குத் தெரியும். அளந்து இறுக்கும் கருவி அவளுடைய பெட்டியில் இருந்தது.

"தெரியும் அண்ணை" என்றாள். "சொல்ல மாட்டன்."

பெட்டியைப் பூட்டிவிட்டு, அவர் சுடுவதைப் பார்க்க ஓரத்து மர வாங்கில் வசதியாக உட்கார்ந்தாள்.