கவுன்சிலருக்கு மரியாதை

ட்ரம்ஷீல் ஊரில் ஒருவனைத் திட்டினால் அவன் நம்மாள் என்று அர்த்தம். மரியாதை கொடுத்தால்தான் கவலைப்பட வேண்டும். மலக்கி டார்பிக்கு இது தெரியாததல்ல. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ச் சந்தையிலேயே மாடு விற்று, இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊருக்கே கவுன்சிலராகவும் இருக்கிறவர். இருந்தும் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் ஜார்லத்தின் பப்புக்குள் நுழைந்தபோது, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஜார்லத், "வாங்க கவுன்சிலர், என்ன சாப்பிடுறீங்க?" என்றதும், தனக்குப் பின்னால் வேறு ஏதோ ஊர்க் கவுன்சிலர் வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை.

வழக்கமாக ஜார்லத் சொல்வது வேறு. "வந்துட்டியா வாய்க்கால்? காலைத் தொடச்சிட்டு உள்ள வா" என்பான். கவுன்சிலில் மலக்கி எழுந்து நின்றால் வாய்க்கால் தூர்வாருவதைத் தவிர வேறெதையும் பேசமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து அவருக்குக் கணப்பு நெருப்பருகில் இடம் விட்டார்கள். மலக்கி தன் கறுப்பு பீரைப் பாதி குடித்து மீதியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காரணம் அவருக்குத் தெரியும். அந்த வாரம் கவுன்சில் பட்ஜெட்டை நிறைவேற்றியிருந்தது. அதில் ஊர் விழாக்களுக்கான உதவித்தொகை அடியோடு போய்விட்டது. ஆதரித்துக் கை தூக்கியவர்களின் பட்டியலை உள்ளூர்ப் பத்திரிகை போட்டது. அதில் மலக்கி டார்பி என்ற பெயர் நன்றாகவே தெரிந்தது.

ட்ரம்ஷீலுக்கு இருந்தது ஒரே விழா, ஜூன் கடைசியில் மூன்று நாள் நடக்கும் விலாங்கு விழா. ஏரியில் விலாங்கு மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, விழா மட்டும் நிற்கவில்லை. கோழிக்கறியை நீளநீளமாக நறுக்கி வறுத்து, விலாங்கு என்று சொல்லி விற்றார்கள், எல்லோரும் விலாங்கு என்று சொல்லியே தின்றார்கள். இப்போது கவுன்சில் பணம் இல்லாவிட்டால் காப்பீடு இல்லை, காப்பீடு இல்லாவிட்டால் தெருவை மூட அனுமதி இல்லை. தெருவே இல்லாமல் ஊர்வலம் எங்கே போகும்?

அந்த ஊர்வலம்தான் விஷயமே. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, டிராக்டர் இழுக்கும் வண்டிகளில் ஊர் தன்னைத்தானே கேலி செய்துகொண்டு தெரு நீளத்துக்கும் போகும். பாதிரியார், டாக்டர், தபால்காரர், ஒருத்தரும் தப்பமுடியாது. கடைசி வண்டி எப்போதும் கன்செப்டாவுடையது. கன்செப்டா முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், மலக்கியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், விழாக் கமிட்டியின் தலைவியும் அவள்தான். பதினாலு வருஷமாக அவள் போட்டது ஒரே வேஷம், மலக்கி வேஷம். வயிற்றில் தலையணை, தலையில் தட்டைத் தொப்பி, ஆட்காட்டி விரலை ஆட்டி ஆட்டி வாய்க்கால் பேச்சு. வருஷம் முழுக்க மற்றவர்கள் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அந்த ஒரு மணி நேரம் ஊரே அவள் கைக்குள். மலக்கி மேடையில் நின்று வயிறு குலுங்கச் சிரிப்பார். சிரிக்கத்தான் வேண்டும், சிரிக்காதவனுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை.

போன ஜூனில் மட்டும் அவள் கொஞ்சம் தாண்டிவிட்டாள். வண்டிமேல் சாய்வு நாற்காலி போட்டு, மலக்கி கவுன்சிலில் வாய் பிளந்து தூங்குவதாக நடித்தாள். ஊர் தெருவில் புரண்டு சிரித்தது. மலக்கியும் சிரித்தார், ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. ஓட்டுக் கேட்டுப் போகிற ஒவ்வொரு வாசலிலும் "எனக்கு வர்ற காகிதத்துல ஒரு பக்கம் விடாம படிக்கிறவன் நான்" என்று மார்தட்டுகிற மனுஷர் அவர். அன்று மாலை பப்பில் மூன்றாவது பீருக்கு அப்புறம், "இந்தக் கூத்துக்கு ஒரு நாள் நான் முடிவு கட்டுறேன் பாரு" என்றும் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆகவே ஊர் சுலபமாகக் கணக்குப் போட்டுவிட்டது. சொன்னான், செய்துவிட்டான்.

உண்மை என்னவென்றால், மலக்கி எதையும் செய்யவில்லை. பட்ஜெட் நாளன்று காலையிலிருந்து அவருடைய தலையீற்றுக் கிடேரி ஒன்று கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. மனைவி ஃபிடெல்மா தொழுவத்திலிருந்து செய்திக்குமேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். முன்கால் தெரிகிறது, தலை தெரியவில்லை, மாட்டு டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார். மலக்கி மேசைக்கடியில் போனை வைத்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் கைகள் எழுந்தன. அவரும் தூக்கினார். முன்னாலிருந்த பட்ஜெட் புத்தகத்தின் அட்டையைக்கூட அவர் திருப்பவில்லை. வெளியே வந்து காரை எடுக்கும்போது மனதில் இருந்தது கிடேரி ஒன்றுதான். விழா போய்விட்டதென்று மறுநாள் ரேடியோ சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

இதைச் சொல்லிவிடு என்று ஃபிடெல்மா எத்தனையோ தடவை சொன்னாள். "இப்ப உன்னைக் கெட்டவன்னு நினைக்குறாங்க. சொன்னா முட்டாள்னு நினைப்பாங்க, அவ்வளவுதான? ஊர்ல பாதிப்பேர் முட்டாள்தான்" என்றாள். ஆனால் மலக்கியால் முடியவில்லை. அதற்கு ஒரு வெட்கங்கெட்ட காரணமும் இருந்தது. பக்கத்து ஊர்களில் அவர் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஆழமான ஆள், அவரைச் சீண்டினால் ஊர்த் திருவிழாவையே இல்லாமல் பண்ணிவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். கட்சிக்காரர் ஒருவர் தலைநகரிலிருந்து போன் செய்து, அடுத்த தேர்தலில் பெரிய சபையான நாடாளுமன்றத்துக்கு நிற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பார்க்கலாம் என்று மலக்கி ஆழமான ஆளாட்டம் பதில் சொன்னார்.

உள்ளூரில்தான் தாங்கமுடியவில்லை. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்ததும் வரிசையே நகர்ந்து இடம் விட்டது. கடையில் அவருக்குமுன் நின்றவர்கள் "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று ஒதுங்கினார்கள். எல்லாவற்றையும்விட மோசம் கன்செப்டாவின் கடை. மாதம் ஒருமுறை அங்கேதான் அவர் முடி வெட்டிக்கொள்வது. முன்பெல்லாம் கத்தரிக்கோல் காதில் உரசும், "உள்ள ஒண்ணும் இல்ல, வெளியவும் ஒண்ணும் இல்ல, எதுக்குடா இங்க வர்ற?" என்பாள். டிசம்பரில் அவள் வெதுவெதுப்பான துண்டை அவர் கழுத்தில் சுற்றி, "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிறீங்களா, கவுன்சிலர்" என்றாள். வெட்டி முடித்து, பின்பக்கம் சரியா என்று கண்ணாடி பிடித்துக் காட்டினாள். நாற்பது வருஷத்தில் அவள் அவருக்குக் கண்ணாடி காட்டியதில்லை. கண்ணாடியில் தன் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று மலக்கி வாயைத் திறந்தார். நன்றி என்பதுதான் வந்தது.

சும்மா இருந்தார் என்று சொல்லக் கூடாது. ஜனவரியில் கவுன்சில் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். விழா உதவித்தொகை என்ற தலைப்பே கணக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். புதிதாக விண்ணப்பம் போடலாமா என்றால், போடலாம், ஆனால் அதற்கான திட்டம் இல்லை என்றார்கள். கன்செப்டாவும் கமிட்டியும் வங்கி, கடை, பால் பண்ணை என்று ஏறி இறங்கிப் பார்த்தார்கள், காப்பீட்டுக்கே பாதிகூடத் தேறவில்லை. மார்ச்சில் கமிட்டி கூடி, தேநீர் குடித்து, கலைந்தது. கொடித் தோரணங்களைக் கன்செப்டா பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டாள் என்று ஃபிடெல்மா வந்து சொன்னாள். அன்று மலக்கி சாப்பிடவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு வந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், விழா நடந்த வருஷங்களில் ஒருநாளும் அடிக்காத வெயில். மலக்கி பால் பண்ணைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, செய்தித்தாள் வாங்கலாமென்று பெரிய தெருவுக்குத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

தெருவின் இரண்டு பக்கமும் ஜனம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இரண்டு மணிக்கு எங்கே நிற்பார்களோ அங்கே, வருஷாவருஷம் நின்ற இடத்தில், அவரவர் மடக்கு நாற்காலியோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தைகள் அப்பாக்களின் தோளில். நடுவில் வெறும் ரோடு. ஒரு சிவப்புக் கார் போனது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒரு பால் லாரி போனது, யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. திரும்பிப் போனால் ஓடினான் என்பார்கள். மலக்கி ரோட்டிலேயே நடந்தார். அன்றைக்கு ட்ரம்ஷீலில் போன ஊர்வலம் அது ஒன்றுதான். அவர் கடக்கக் கடக்க ஆண்கள் தொப்பியைத் தொட்டார்கள், பெண்கள் தலை அசைத்தார்கள். "நல்லாருக்கீங்களா கவுன்சிலர்?" "வெயில் ஜாஸ்தி, பாத்துப் போங்க கவுன்சிலர்." ஒரு வசவு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. தபால் நிலையத்தைத் தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. யாராவது ஒரு முட்டையை எடுத்து எறிந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கன்செப்டா தன் கடை வாசலில் சாதாரணப் பாவாடை சட்டையில் கைகட்டி நின்றாள். எதிர்ப்பக்கம் ஜார்லத் பப் கதவில் சாய்ந்திருந்தான்.

"நல்ல நாள், இல்லீங்களா?" என்றாள்.

மலக்கி நின்றுவிட்டார். "நான் அதைப் படிக்கல, கன்செப்டா."

"எதைங்க?"

"பட்ஜெட்டை. ஒரு பக்கம்கூடப் படிக்கல. கிடேரி ஒண்ணு கன்னு போட முடியாம கிடந்துச்சு, போன் பாத்துட்டு இருந்தேன். எல்லாரும் கை தூக்குனாங்க, நானும் தூக்கிட்டேன். மறுநாள் ரேடியோல கேட்டுத்தான் எனக்கே தெரியும். உன் மேல கோபத்துல பண்ணல. சத்தியமா எதையும் நினைச்சுப் பண்ணல."

ஜார்லத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, தும்மல் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "படிக்கலயாம்!" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அவன் அடுத்தவனிடம் சொன்னான். படிக்கலயாம், மாடு கன்னு போட்டுச்சாம் என்று செய்தி இரண்டு பக்கமும் ஓடியது, அதன் பின்னாலேயே சிரிப்பும் ஓடியது. "டேய் வாய்க்கால், கன்னுக்குட்டி யாருக்கு ஓட்டுப் போட்டுச்சு?" என்று ஒருவன் கத்தினான். "அடுத்த பட்ஜெட்டுக்கு மாட்டையே அனுப்புடா!" என்றான் இன்னொருவன். பெரிய சபை, தலைநகர் போன் எல்லாம் அந்த நிமிஷத்திலேயே காற்றில் போனது மலக்கிக்குத் தெரிந்தது. போகட்டும் என்றிருந்தது. ஏழு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

சிரித்துக்கொண்டே கன்செப்டாவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நீ கோபத்துலதான் பண்ணுனன்னு நினைச்சிட்டு இருந்தேன்டா" என்றாள் மெதுவாக. "ரொம்ப நோகடிச்சிட்டோம் போல, அதான் இவ்வளவு தூரம் போயிட்டான்னு. பதினாலு வருஷம் நான் ஆடுனதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சுன்னு நினைச்சேன்."

மலக்கி எதுவோ சொல்ல வந்தார்.

"அந்தப் பட்ஜெட் புத்தகத்துல நாங்க எத்தனை வரிடா இருந்தோம்?" என்று கேட்டாள்.

இதை அவர் பிறகு தேடிப் படித்திருந்தார். ரேடியோ சொன்ன அன்றைக்கே, தொழுவத்தில் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

"ஒரு வரி" என்றார்.

கன்செப்டா தலையை ஆட்டினாள். வாசலில் போட்டிருந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜார்லத் தெருவைக் கடந்து வந்து மலக்கியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்து, வாடா முட்டாளே, வந்து ஒண்ணு குடி என்றான். தெரு முழுக்க இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மலக்கி அசையாமல் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு ரோட்டு நடுவிலேயே நின்றார்.