அக்காவின் கை எடை

"தூக்கிப் பாருங்க அக்கா. உங்க கை என்ன சொல்லுது?"

தையல்காரி முதுகுப்பையை மேசைமேல் வைத்தாள். அக்கா அதை வலக்கையால் தூக்கினாள். இருபத்தொன்பது வருடமாகத் தபால் அலுவலகக் கவுன்டரில் பார்சல் வாங்கும் கை அது. தராசில் வைப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடும். பத்து கிராமுக்கு மேல் பிசகியதே இல்லை.

"நாலு கிலோ. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

பொய். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையல்காரி அவளுடைய தம்பி மனைவி. அடுத்த வாரம், தன்னோடு ஓடும் விளையாட்டு டீச்சரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, மலைப்பாதையில் நாலு நாள் ஓடப் போகிறாள். பகலெல்லாம் ஓட்டம், இருட்டினால் கூடாரம். எல்லாவற்றையும் முதுகில் சுமந்தபடியே ஓட வேண்டும் என்பதால் ஒவ்வொரு கிராமுக்கும் வீட்டில் ஒரு சண்டை. சாப்பாடும் தண்ணீரும் சேர்க்காமல் நாலு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவள் கணக்கு. பையைத் தானே தைத்தாள். கூடாரத்தையும் தானே தைத்தாள், குடைத்துணியைவிட மெல்லிசு. அதற்குக் கம்பிகூட கிடையாது, ஊன்றி ஓடும் கோலையே நட்டு நிறுத்த வேண்டியதுதான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்தாயிற்று. படுக்கிற பாயை இடுப்போடு வெட்டியாயிற்று.

"அப்ப காலுக்கு?" என்று சமையலறையிலிருந்து கேட்டான் தம்பி. பாத்திரம் துலக்குவது இன்று அவன் முறை.

"காலிப் பையை விரிச்சுக்குவேன்."

"வீட்ல தலகாணி ஒரு விரல் தாழ்ந்தா கழுத்து பிடிச்சுக்கிற ஆளு! பாத்தியா அக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. தையல்காரி கொக்கித் தராசை எடுத்துப் பையை மாட்டுவதைப் பார்த்தாள்.

"அதான் சொல்லிட்டேனே, எதுக்கு மறுபடி?"

"சும்மாதான்..." தராசு மின்னியது. தையல்காரி குனிந்து பார்த்தாள். "நாலு கிலோ எழுநூத்தி இருபது."

சமையலறையில் தம்பி குழாயை மூடினான்.

"அக்கா, உங்க கை தப்பு சொல்லாது. வாய்தான் சொல்லியிருக்கு."

தையல்காரி பையைப் பிரித்தாள். சுருட்டிய தூங்குபையின் நடுவில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதற்கும் அடியில் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் பத்து, ரப்பர் பேண்டு போட்டு, கவுன்டரில் தபால் கட்டுவது போலவே கட்டியிருந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்வாங்க," என்றான் தம்பி. "எங்க அக்கா பாட்டிலத் தூங்குபையில மறைச்சிருக்கா."

"நீ பாத்திரத்தப் பாருடா!"

தையல்காரிக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். "டாக்டர் என்னக்கா சொன்னார்? நீங்களும் கூடத்தானே உக்காந்திருந்தீங்க?"

"தாராளமா ஓடலாம்னார். வலி மாத்திரை மட்டும் கூடாதுன்னார். தண்ணி குறையக் கூடாதுன்னார். கடைசில சொன்னது எனக்கு மட்டும் கேட்டுதோ என்னமோ!"

"எல்லாத்துக்கும்தான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்."

"ஒரு பாட்டில்ல உன் கணக்கு கவுந்துடுமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? உன்கிட்ட ரெண்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு என்கிட்ட இருக்கு. நீ அங்க சுருண்டு விழுந்தா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க மாத்திரைய முழுங்குவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது, இந்தப் பேச்சை இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தோம் என்று.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது முதலில் ஓடி வந்தது தம்பிதான். அவனுக்குச் சர்க்கரை, ஆகாது என்றுவிட்டார்கள். "என்னைப் பாருங்க" என்று கையை நீட்டியவள் தையல்காரி. கூடப் பிறந்தவனால் முடியாததை வீட்டுக்கு வந்தவள் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு மறுநாள் சக்கர நாற்காலியில் வந்து, "பாத்தீங்களா அக்கா, நூத்தம்பது கிராம் இளைச்சுட்டேன்" என்று சிரித்தாள். கவுன்டரில் நாளுக்கு நூறு பேருக்குத் தேங்க்ஸ் சொல்லும் வாய்க்கு அன்று, "போய்ப் படு" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

தையல்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் குடுத்தது நீங்க நல்லா நடமாடணும்னுதான். என்னைக் காவல் காக்கறதுக்கு இல்ல. ஆனா ஒண்ணு. நீங்க மனசார வேணாம்னா நான் போகல. டீச்சர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

இப்போது முடிவு அக்காவின் மடியில் விழுந்தது. 'வேணாம்' என்று ஒரு வார்த்தை போதும், நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் வெட்டிய பாயும் அறுத்த பிரஷ்ஷும் மேசைமேல் கிடந்தன. ஆறு மாதம் விடியலில் எழுந்து ஓடித் தேய்ந்த ஷூ, மூன்றாவது ஜோடி, வாசலில் கிடந்தது.

"அந்த மேப்பைக் குடு," என்றாள் அக்கா. "எங்க தண்ணி கிடைக்காது?"

"ரெண்டாம் நாள். இந்த மேட்டுல இருபத்திநாலு கிலோமீட்டர் ஓடையே இல்ல. ஆளுக்கு மூணு லிட்டர் சுமக்கணும்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முகவரி தேடிப் பழகிய விரல் கோட்டின்மேல் ஊர்ந்து நடுவில் நின்றது. "குறுக்க ஒரு கோடு வருதே?"

"ஜீப் பாதை. கீழ பஸ் நிக்கற இடத்துக்குப் போகும். அஞ்சு கிலோமீட்டர்."

"கீழிருந்து வந்தா ஏத்தமா?"

"ஏத்தம்தான். ஏன்?"

"நீங்க அந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"பதினொண்ணு, பதினொண்ணரை... அக்கா, வேணாம்."

"வேணாம்னு நான் சொல்லலியே, நீ ஏன் சொல்றே? உங்க ரெண்டு பேருக்கும் மூணு லிட்டர், வழியில எனக்கு ஒண்ணு. நாலு கிலோ. உன் பைக்கும் என் பைக்கும் ஒரே எடை. நீ பாதித் தண்ணியோட கிளம்பு, மீதி அங்க வந்து சேரும்."

"ரெண்டு வருஷம் முன்னாடி பத்துப் படி ஏறினா உக்காந்துடுவீங்க!"

"அது பழசு. இப்ப இருக்கறது ஓட்டக்காரியோடது, அஞ்சு கிலோமீட்டருக்கா அசந்துடும்?"

தையல்காரி வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவுன்டர்ல உக்காந்தவ பட்டுவாடாவுக்குக் கிளம்பிட்டா," என்றான் தம்பி. "நான் எதுக்கும் லீவு போட்டுட்டுக் கூட வரேன். தண்ணிய மட்டும் என்னைத் தூக்கச் சொல்லாதீங்க."

"கையெழுத்து வாங்காம ஒரு சொட்டு குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். விடியற்காலைல ஓடப் போறப்போ இனிமே என்னையும் எழுப்பு. நான் நடக்கறேன்."

"தொப்பி போட்டுக்கணும். வெயில் உங்களுக்கு ஆகாது."

"சரிங்க டாக்டரம்மா."

தையல்காரி பாட்டிலையும் பொட்டலங்களையும் எடுத்துவிட்டு, பையை மறுபடி சுருட்டிக் கட்டினாள். "இப்பத் தூக்குங்க. உண்மையைச் சொல்லணும்."

அக்கா தூக்கினாள். கண்ணை மூடினாள். புருவம் சுருங்கியது.

"நாலு கிலோ... இல்ல. ஒரு இருபது கிராம் கூட."

தராசு காட்டியது: நாலு கிலோ இருபத்தொன்று.

அக்கா பொட்டலக் கட்டை எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தது.

"ஒண்ண எதுக்குடி உள்ள வெச்சே?"

"உங்க கை சரியாயிடுச்சான்னு பாக்க வேணாமா?" என்றாள் தையல்காரி. பொட்டலத்தை வெளியே எடுக்கவில்லை.

"தேங்க்ஸ்," என்றாள் அக்கா.

"இருபது கிராமுக்கா?"

"அதுக்கும்தான்."