எம் ஏ ஆர் கட்டு

நான் வேலை செய்யும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அகராதி அலுவலகம் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கும் ஆட்பெயர்களுக்கும் தமிழில் பொருள் எழுதுகிறார்கள். நான் கட்டடத்துக்கு எலெக்ட்ரீஷியன். என் மனைவி அந்த அலுவலகத்தில் தட்டச்சர். மற்றவர்கள் எழுதிய பொருளைப் பதினோரு வருடமாக அடித்துக் கொடுக்கிறாள்.

அங்கே சொற்களைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்கள். முதல் மூன்று எழுத்தும் ஒன்றாக இருப்பவற்றில் நாற்பதை எடுத்து ஒரு கட்டு. அட்டைக்கு ஒரு சொல். பொருள் பன்னிரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது.

கட்டு முடிந்ததும் மூடிப் படிப்பார்கள். ஆங்கிலச் சொல்லைக் காகிதப் பட்டையால் மறைத்துவிட்டு, பொருளை மட்டும் ஆசிரியர் வாசிப்பார். எதிரே ஆங்கிலம் தெரியாத ஒரு வெளி ஆள் உட்கார்ந்திருப்பார். எதைப் பற்றிய பேச்சு என்று அவர் சொல்ல வேண்டும். பெயர் வாயில் வராவிட்டால் கையால் காட்டினாலும் போதும். ஆட்பெயர் என்றால், ஆணா பெண்ணா, என்ன அர்த்தம் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் விழித்தால் அட்டை திரும்பிவிடும். மூன்று அட்டை திரும்பினால் கட்டே வேறொருவர் கைக்குப் போய்விடும்.

நான் ஆறு முறை வெளி ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை நான் திருதிருவென்று விழித்ததில் ஒரு கட்டு கைமாறியது. எழுதியவர் ஒரு மாதம் லிஃப்டில் என்னைக் கண்டால் இறங்கிப் படியில் நடந்தார்.

இந்த வருடம் எழுதுபவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியை என் மனைவி கேட்டாள். ஆசிரியருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். நீளமாக எதைக் கண்டாலும் வெட்டுவார். அவர் அதிகம் பேசாமல் எம், ஏ, ஆர் என்று தொடங்கும் கட்டைக் கொடுத்தார். புதன்கிழமை பதினொரு மணிக்குப் படிப்பு. தேறினால் நாற்காலி. இல்லையென்றால் கடைசிவரை தட்டச்சு மேசைதான். இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது.

ஞாயிறு காலை சமையலறை மேசையில் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தேன். அவள் அட்டைகளோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். தங்கையிடம் போனில் வாசித்துப் பார்த்துவிட்டாளாம். நாற்பதுக்கு நாற்பது. சும்மா ஒரு திருப்திக்கு என்னிடமும் பார்க்க வேண்டுமாம்.

“ரொட்டியில் தடவுவது.”

“வெண்ணெய்.”

“மார்மலேடுங்க.”

“அதையும் தடவட்டும். நானா வேண்டாங்கறேன்?”

அடுத்ததை எடுத்தாள். வழவழப்பான கல். கூழாங்கல் என்றேன். பளிங்காம். ஈரமான நிலம். நம் குளியலறை என்றேன். சதுப்பாம்.

“உயிரை விட்டவர்.”

“எல்லாரும் ஒரு நாள் விடுறதுதானே?”

“கொள்கைக்காகங்க.”

“அதை நீ சொல்லவே இல்லையே.”

மார்த்தா என்ற பெயர் வந்தது. வீட்டுத் தலைவி எனப் பொருள்படும் பெண்பெயர். இதற்கு அட்டை எதற்கு, உன்னையே தூக்கி மேசையில் வைத்துவிடலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தங்கைக்கு மட்டும் எப்படி எல்லாம் வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே கண்டுபிடித்தாள். எல்லாம் எம், ஏ, ஆர் என்றுதான் தொடங்கும் என்பது தங்கைக்குத் தெரியும். அந்த நாற்பதில் ரொட்டியில் தடவுவது ஒன்றுதான். கல்லும் ஒன்றுதான். பக்கத்து அட்டைகளிலிருந்து பிரித்துக் காட்டினால் போதும் என்று, தன்னை அறியாமல், என் மனைவி எழுதியிருந்தாள். கட்டுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பது நினைவில் இல்லை.

அட்டைகளை மேசையில் பரப்பினாள். பதின்மூன்றை ஒதுக்கி வைத்தாள். மீதி இருபத்தேழையும் கிழித்தாள்.

எனக்குப் பதறியது. பழசையே கொண்டுபோயிருக்கலாம், கையால் காட்டினாலும் போதும் என்று விதி இருக்கிறது, வருகிற ஆள் கெட்டிக்காரராக இருந்தால் சமாளித்திருக்கலாம் என்றேன்.

“அட்டைதாங்க அந்த மேசைக்குப் போகுது. புத்தகம் யார் யார் வீட்டுக்கோ போகும். அங்கெல்லாம் போய் நான் கையைக் காலை ஆட்டிக் காட்ட முடியுமா?”

நான் ஃபேனை மாட்டத் தொடங்கினேன்.

அன்று பிற்பகல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் தண்ணீர் வடியாத நிலத்தில் போய் நின்றுவிட்டு, கணுக்கால்வரை சேறோடு வந்தாள். திங்கட்கிழமை கறிக்கடைக்காரரிடம் எலும்பைப் பிளந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். வாங்கவில்லை, பார்க்க மட்டும்தான். அவர் பைத்தியம் என்று நினைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை வீடெல்லாம் ஆரஞ்சு வாசனை. தோலைச் சீவிச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினாள். ஒரு கரண்டி கொடுத்தாள். கசந்தது. கசக்கிறது என்றேன். அந்தச் சொல்லைத்தான் மூன்று நாளாகத் தேடினேன் என்று எழுதப் போய்விட்டாள்.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது தெரியாது.

புதன் காலை எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்று இருந்தன. ஒன்பது குறைந்தது. குறைந்த கட்டைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும். பழைய வாசகம் நினைவிருக்குமே, அதையாவது எழுதிச் சேர் என்றேன். நினைவிருக்கிறது என்றாள். முப்பத்தொன்றையும் நூலால் கட்டினாள்.

பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி நடையில் ஒரு சுவிட்சைக் கழற்றினேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. படிப்பறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி. திறந்தும் இருந்தது.

உள்ளே கத்தரி, பிழை பார்க்கும் சல்லடை அக்கா, என் மனைவி. வெளி ஆளாக, ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அம்மா. கணவன் என்பதால் என்னைச் சேர்க்கவில்லை.

கத்தரி அட்டைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். மீதி எங்கே என்று கேட்டார்.

“அந்த ஒம்பதும் எனக்கு இன்னும் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி எழுதி வெச்சிருந்தேன். கிழிச்சுட்டேன்.”

சல்லடை அக்கா மேற்கூரையைப் பார்த்தார். கத்தரி கட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எழவில்லை. என் கையிலிருந்த ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்தது.

“இந்த அம்மா வேலையைப் போட்டுட்டு வந்திருக்காங்க. சும்மா அனுப்புறது மரியாதை இல்ல,” என்றார் கத்தரி. கட்டை இழுத்து நூலை அவிழ்த்தார். முதல் அட்டையில் பட்டையை வைத்தார்.

நீர் வடியாத, கோரை முளைத்த, காலை உள்ளே இழுக்கும் தாழ்ந்த நிலம். சதுப்பு என்றார் அந்த அம்மா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறதே என்று சேர்த்துக்கொண்டார். எலும்பின் நடுக்குழலில் உறைந்திருக்கும் மெத்தென்ற கொழுப்பு. மஜ்ஜை என்ற பெயர் வரவில்லை. விரலை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். சல்லடை அக்கா சிரித்துவிட்டார். ஆரஞ்சின் தோலைச் சீவிச் சர்க்கரையோடு காய்ச்சிய, சற்றே கசக்கும் கூழ். நல்ல ஜாம்தான், கசப்பை எதற்கு விட்டுவைத்தார்கள் என்று கேட்டார். முத்து எனப் பொருள்படும் பெண்பெயர் என்று மார்கரெட் வந்தது. தனக்கு அந்தப் பெயரே வைத்திருக்கலாம் என்றார்.

இருபதாவதோ என்னவோ.

“கொள்கையை விட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவர்.”

அந்த அம்மா கையிலிருந்த துணியை மடித்தார்.

“தியாகி. எங்க பெரியப்பா அப்படித்தான் போனாரு.”

கத்தரி அந்த அட்டையைக் கவிழ்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

பிரபுக்களில் ஒரு படிநிலைக்கான அட்டையில் அந்த அம்மா ராஜா என்று சொல்லிவிட்டார். அது திரும்பியது. மற்ற முப்பதும் தேறின. கண்ணாடி துடைக்கும் அம்மா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தேர்வு தனக்கா அந்தப் பெண்ணுக்கா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே கத்தரி அட்டைகளை அடுக்கினார். விதிப்படி இது கட்டே இல்லை என்றார். என் மனைவி தலையசைத்தாள்.

“ஆனா, தெரியாதுன்னு இந்த மேசையில யாரும் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல.” எழுந்து ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டார். “இதுல உக்காந்து மிச்சத்தை எழுதும்மா. எப்ப தெரியுதோ அப்பக் குடு.”

அவள் வெளியே வந்தபோது நான் சுவிட்சின் ஒரே ஸ்க்ரூவை ஐந்தாவது முறையாக முறுக்கிக்கொண்டிருந்தேன்.

“கெடச்சிருச்சுங்க,” என்றாள். “பத்து பாக்கி.”

உடனே அடுத்த அட்டைக்குப் போய்விட்டாள். மார்ட்டன் என்று ஒரு பிராணியாம். அவளுடைய பழைய அட்டையில் சிறு காட்டு விலங்கு என்று இருந்ததாம். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை திறந்திருக்குமா?

அங்கேயே நின்று போன் செய்து கேட்டேன். பத்து மணிக்குத் திறப்பார்கள்.

ஒன்பதரைக்கே போய் நிற்கலாம் என்றாள்.