ஈரத்தரை

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்திய வாக்கியம் ஒன்றுதான்: "ஈரம் காயட்டும், மிதிக்காதீங்க!" என் கணவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

நான் முட்டி போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் டைல்ஸ் இடுக்குகளில் படிந்த கறுப்பைச் சுரண்டி, துடைத்து நிமிர்வதற்குள், தெருச் செருப்போடு சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். வெள்ளைத் தரை முழுக்க மண் தடம். கேட்டால், "தரைன்னா நடக்கத்தானே?" என்பார்.

நேற்றுக் காலை துடைக்கும்போது, சோப்புத் தண்ணீரில் வழுக்கி ஹால் நடுவே விழுந்தேன். இடுப்பில் சுளீரென்று வலி. எழுந்திருக்க முடியவில்லை. "என்னங்க!" என்று அலறினேன்.

வாசலிலிருந்து ஓடி வந்தவர் நிலைப்படியோடு நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றினார்.

"என்னடி ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன். வந்து தூக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே. மிதிச்சா அப்புறம் கத்துவ."

"கத்த மாட்டேன். சத்தியமா கத்த மாட்டேன். வாங்க."

"இப்ப இப்படித்தான் சொல்லுவ. தினமும் வாங்கிக் கட்டிக்கிறது நான்தானே?"

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சு எடுபட்டிருந்தது. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

"ரெண்டே நிமிஷம். காஞ்சிடும்," என்றார்.