துணியில் மிதந்த லஸ்மியின் முகம்

“பாட்டு முடியிற வரைக்கும் அசையாம இருங்கக்கா. மூணே நிமிஷம்தான்,” என்று லஸ்மியிடம் சொல்லிவிட்டு, படமெடுக்கும் ரத்ரி கேமராவுக்குப் பின்னால் போனாள்.

சோலோ நகரத்து மண்டபத்தில் கமலான் குழுவின் வெண்கல வாத்தியங்கள் மெல்லத் தொடங்கின. மேடையில் தொங்கிய வெள்ளைத் துணியில், கேமரா முன் உட்கார்ந்திருந்த லஸ்மியின் முகம் ஆளுயரத்துக்கு விரிந்தது. ரத்ரி அதன்மேல் மழை, வாழையிலைக் காட்சிகளை மிதக்கவிட்டாள். தண்ணீருக்கடியில் யாரோ ஒருத்தி கண்விழித்துக் கிடப்பது போலிருந்தது லஸ்மிக்கு.

சுற்று முடிந்து கோங் என்னும் பெரிய வெண்கலத் தட்டு அதிர்ந்தது. பாட்டு நிற்காமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மத்தளக்காரர் வேகத்தைக் குறைத்துக் காட்டினால்தான் மற்றவர்கள் முடிப்பார்கள். மத்தளக்காரரோ அவள் புருஷன் வாகிமன். இதுவரை ரத்ரி படமெடுத்த ஆறு பெண்களுக்கும் நேரத்தோடு முடித்த மனுஷன், இப்போது துணியையே பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

எட்டாவது சுற்றில் லஸ்மிக்குக் கழுத்து விட்டுப்போனது. பொறுக்கமாட்டாமல் முறைத்தாள். வீட்டில் முறைக்கும் அதே முறைப்பு, ஆளுயரத்தில். மத்தளம் சட்டென்று தளர்ந்தது, பாட்டு அடங்கியது.

“தூங்கிட்டீங்களா என்ன?” என்று கேட்டாள், கழுத்தைப் பிடித்துக்கொண்டே.

“இல்ல,” என்றார் வாகிமன். “வீட்ல இவ்ளோ நேரம் பாத்தா, என்ன வேணும்னு கேட்டுருவ.”